முகமது யூசுப் கான்

முகமது யூசுப் கான் (சுமார் 1725 - அக்டோபர் 15, 1764) என்பவர் 18ஆம் நூற்றாண்டில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்ட படைத்தலைவர் ஆவார். இவருடைய இயற்பெயர் மருதநாயகம். கான் சாகிப், கான்சா, கும்மந்தான் ஆகிய பெயர்களாலும் இவர் அறியப்படுகிறார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளுக்குத் தளபதியாக இருந்து, பின்னர் அதே கம்பெனியிடமிருந்து தென்சீமையைக் குத்தகைக்குப் பெற்று ஆட்சி செய்தார். இறுதியில் ஆற்காடு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துப் போரிட்டு, உடனிருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இவருக்கு இரு வேறு முகங்கள் உண்டு. பூலித்தேவரின் கோட்டைகளைத் தகர்த்த கம்பெனித் தளபதி என்பது ஒன்று. கொள்ளையும் போரும் நிறைந்திருந்த நாட்டில் ஒழுங்கை ஏற்படுத்தி, இறுதியில் கம்பெனியையே எதிர்த்த ஆட்சியாளர் என்பது மற்றொன்று. இக்கட்டுரை இவருடைய திருநெல்வேலிப் படையெடுப்புகளையும் அதனால் இவர் அடைந்த அரசியல் அதிகாரத்தையும் விளக்குகிறது.

வரலாற்றுப் பின்புலம்

பாண்டிய நாட்டில் முஸ்லிம் படைத்தலைவர்களின் ஆட்சி யூசுப் கானுடன் தொடங்கியதன்று. 1311 ஆம் ஆண்டு தில்லி சுல்தானின் தளபதியான மாலிக் கபூர் மதுரை வரை படையெடுத்து வந்தார். 1335 ஆம் ஆண்டளவில் ஜலாலுதீன் அசன் கான் தில்லியின் மேலாண்மையை உதறிவிட்டு மதுரை சுல்தானகத்தை நிறுவினார். விசயநகரப் படைகள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை முடிவுக்குக் கொண்டுவந்தன. அதன் பின்னர் மதுரையும் திருநெல்வேலியும் நாயக்கர் ஆட்சியின் கீழ் வந்தன. நாயக்கர்கள் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர்.

1736 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் இராணி மீனாட்சியிடமிருந்து சந்தா சாகிப் ஆட்சியைப் பறித்துக் கொண்டதோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. 1749 ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலியை ஆங்கிலேயரும், சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும் ஆதரித்தனர். இவ்வாறு தொடங்கிய கர்நாடகப் போர்களில் முகமது அலி நவாப் பதவியைத் தக்கவைத்துக் கொண்டார். ஆனால் போர்ச் செலவுகளுக்காகக் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டார். அக்கடனை அடைக்கும் வழிகளுள் ஒன்றாகத் தென்சீமையின் வரி வருவாய் கருதப்பட்டது.

திருநெல்வேலியின் முதன்மை

திருநெல்வேலிச் சீமைக்காகப் பலரும் போரிட்டதற்கான காரணத்தைத் தாமிரபரணியில் காணலாம். பொதிகை மலையில் தோன்றும் இவ்வாறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால், இதன் கரையிலுள்ள நஞ்சை நிலங்களில் கார், பிசானம் என்னும் இரு போகமும் நெல் விளைந்தது. கன்னடியன், சுத்தமல்லி, மருதூர் முதலிய பழைய அணைக்கட்டுகள் ஆற்றுநீரைக் கால்வாய்களின் வழியே குளங்களுக்குக் கொண்டு சென்றன. மழை பொய்த்த ஆண்டுகளிலும் ஓரளவு உறுதியான வருவாயைத் தந்த நிலம் இது.

இந்த ஆற்றங்கரை நிலங்கள் பெரும்பாலும் சர்க்கார் நிலங்களாக, அதாவது நேரடியாக அரசுக்கு வரி செலுத்துவனவாக இருந்தன. அவற்றைச் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதிகள் பாளையக்காரர்களின் ஆளுகையில் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெல்கட்டும்செவல், ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிவகிரி முதலிய மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசல் நிலத்தில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் முதலிய நாயக்கர் பாளையங்களும் அமைந்திருந்தன.

பாளையக்காரர்கள் தம் எல்லைக்கு வெளியேயுள்ள சர்க்கார் ஊர்களிலும் திசைக்காவல் உரிமை பெற்றிருந்தனர். ஊரைத் திருட்டிலிருந்து காப்பதற்கு ஈடாக அவ்வூர்களிலிருந்து அவர்கள் ஒரு பங்கு பெற்றனர். எனவே, ஒரே விளைச்சலின் மீது குடியானவர், அரசு, பாளையக்காரர் என மூவருக்கு உரிமை இருந்தது. அரசு வலுவிழந்தபோது காவல் பங்கு கூடியது. அரசு வலுப்பெற்றபோது அது மறுக்கப்பட்டது. நவாபின் ஆட்களும் கம்பெனியும் வரி கேட்டு வந்தபோது மூண்ட சண்டைகளுக்கு அடிப்படையாக இருந்தது இந்தப் பங்குச் சிக்கலே.

தொடக்க வாழ்க்கை

மருதநாயகம் இன்றைய இராமநாதபுரம் பகுதியிலுள்ள பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார் என்று கூறப்படுகிறது. இளமையில் வீட்டை விட்டு வெளியேறிய இவர், இஸ்லாம் சமயத்தைத் தழுவி யூசுப் கான் எனப் பெயர் பெற்றார். சிறு படைக்குழு ஒன்றுக்குத் தலைவராக இருந்து, 1752 ஆம் ஆண்டளவில் இராபர்ட் கிளைவின் கீழ் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தார். தொடக்ககால ஆங்கிலேயப் பதிவுகளில் இவர் 'நெல்லூர் சுபேதார்' எனக் குறிப்பிடப்படுகிறார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது இவருடைய திறமை வெளிப்பட்டது. முற்றுகையிடப்பட்டிருந்த நகருக்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து உணவுப் பொருள்கள் வரவேண்டியிருந்தது. எதிரிப் படைகளின் நடமாட்டத்தை முன்னரே அறிந்து, உணவு வண்டிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் யூசுப் கான் பெரும் பங்காற்றினார். தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சு இவரைப் பெரிதும் பாராட்டினார்.

இக்காலத்தில் இவர் மீது ஒரு சூழ்ச்சியும் நடந்தது. இவர் மைசூர்ப் படையினருடன் இரகசியத் தொடர்பு வைத்திருப்பதாகக் காட்டும் கடிதம் ஒன்று ஆங்கிலேயரின் கையில் கிடைக்கும்படி செய்யப்பட்டது. விசாரணையில் அது போலிக் கடிதம் என்பதும், லாரன்சின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் அதன் பின்னணியில் இருந்தார் என்பதும் தெரியவந்தது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துக் கொல்லப்பட்டார். யூசுப் கான் 1754 ஆம் ஆண்டு கம்பெனியின் சிப்பாய்ப் படைகள் அனைத்துக்கும் தளபதியாக்கப்பட்டார். தளபதியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் தமிழ்த் திரிபே 'கும்மந்தான்' என்பதாகும்.

திருநெல்வேலிப் படையெடுப்புகள்

1755: கர்னல் ஹெரான் படையெடுப்பு

1755 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படையும், நவாபின் அண்ணன் மாபூசு கான் தலைமையில் நவாபின் படையும் வரி வசூலிப்பதற்காகத் தெற்கே புறப்பட்டன. யூசுப் கானும் சிப்பாய்ப் படையுடன் சென்றார். மதுரை எதிர்ப்பின்றி வீழ்ந்தது. திருநெல்வேலியை அடைந்த ஹெரான் பாளையக்காரர்களிடம் கப்பம் கேட்டார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஒரு பகுதியைச் செலுத்தி, எஞ்சியதற்குப் பிணையாக ஆட்களை ஒப்படைத்தார். நெல்கட்டும்செவல் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். போதிய பெரிய பீரங்கிகளும் உணவும் இன்றி வந்திருந்த ஹெரான் அவருடைய கோட்டையைத் தாக்க இயலாமல் திரும்பினார்.

இதற்கிடையே ஹெரானின் படை மதுரைக்கு அருகே கோவில்குடியில் கோயிற் சிலைகளைக் கொள்ளையிட்டது. திரும்பும் வழியில் 1755 மே மாத இறுதியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அப்படையைத் தாக்கிப் பேரிழப்பை ஏற்படுத்தினர். ஹெரான் படைநீதிமன்ற விசாரணைக்கு உள்ளானார். ஐரோப்பியத் தளபதிகளின் கீழ் அனுப்பப்படும் படையால் மட்டும் திருநெல்வேலியை வசப்படுத்த முடியாது என்பதை இப்படையெடுப்பு காட்டியது.

1756-1758: மாபூசு கானும் பாளையக்காரர் கூட்டணியும்

ஹெரான் திரும்பிய பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் மாபூசு கானிடம் குத்தகைக்கு விடப்பட்டன. பூலித்தேவர் மேற்குப் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்து அவரை எதிர்த்தார். சந்தா சாகிபின் ஆட்களாக அங்கே தங்கியிருந்த மியானா, முடேமியா, நபிகான் கட்டாக் ஆகிய பட்டாணியத் தலைவர்களும் பூலித்தேவருடன் சேர்ந்து கொண்டனர். கிழக்குப் பாளையங்கள் இக்கூட்டணியில் சேரவில்லை. 1756 மார்ச்சு மாதம் திருநெல்வேலிக்கு அருகே நடந்த போரில் கூட்டணிப் படை தோற்றது, முடேமியா கொல்லப்பட்டார். முஸ்லிம் தலைவர்கள் இரு பக்கங்களிலும் இருந்ததால் இப்போர்களைச் சமயப் போர்களாகக் கருத இயலாது.

அதே ஆண்டு கம்பெனி யூசுப் கானைச் சிப்பாய்ப் படையுடன் தெற்கே அனுப்பியது. வரி வசூல் பொறுப்பு திருநெல்வேலியின் தீர்த்தாரப்ப முதலியாரிடம் குத்தகைக்கு அளிக்கப்பட்டது. இதனால் பதவியை இழந்த மாபூசு கான் கம்பெனிக்கு எதிராகத் திரும்பி, தாம் முன்பு போரிட்ட பூலித்தேவருடனேயே கூட்டுச் சேர்ந்தார். மதுரைக் கோட்டையும் கம்பெனியின் கையைவிட்டுப் போயிற்று. 1757 ஆம் ஆண்டு கேப்டன் கய்லாடும் யூசுப் கானும் மதுரையை முற்றுகையிட்டனர். தாக்குதலால் வெல்ல முடியாத அக்கோட்டை, செப்டம்பர் மாதம் உள்ளிருந்த படைவீரர்களின் சம்பளப் பாக்கிக்கான பணத்தைக் கொடுத்த பின்னரே கைக்கு வந்தது.

1758 ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை அச்சுறுத்தியபோது யூசுப் கான் வடக்கே அழைக்கப்பட்டார். அவர் சென்றவுடன் தென்சீமையில் கம்பெனியின் அதிகாரம் கோட்டைகளுக்குள் சுருங்கியது. சென்னை முற்றுகையின்போது (டிசம்பர் 1758 - பிப்ரவரி 1759) யூசுப் கான் கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டுப் பகுதியில் இருந்தவாறு பிரெஞ்சுப் படைக்கு உணவுப் பொருள் சேராதபடி தடுத்தார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் நடந்த போரிலும் பங்குகொண்டார். இச்சேவைக்குப் பின் கம்பெனியிடம் இவருடைய செல்வாக்கு உச்சத்தை அடைந்தது.

1759-1761: இரண்டாம் வருகை

1759 ஆம் ஆண்டு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்கு யூசுப் கானிடம் குத்தகைக்கு விடப்பட்டன. நவாப் இதனை விரும்பவில்லை. படைத்தளபதியாக மட்டும் இருந்தவர் இப்போது வரி வசூலிக்கும் உரிமையும் பெற்றதே இவருடைய அரசியல் அதிகாரத்தின் தொடக்கமாகும்.

தெற்கே வந்த யூசுப் கான் முதலில் நத்தம், மேலூர்ப் பகுதிகளில் கள்ளர்களை அடக்கினார். பின்னர் கொல்லங்கொண்டான் முதலிய மலையடிவாரப் பாளையங்களைத் தாக்கினார். பூலித்தேவரின் பலத்துக்குக் காரணமாக இருந்தவற்றுள் ஒன்று திருவிதாங்கூரின் ஆதரவு ஆகும். களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் இராம வர்மாவைத் தம் பக்கம் ஈர்த்துக் கொண்டார் யூசுப் கான். பின்னர் இருவர் படைகளும் சேர்ந்து வடகரையைத் தாக்கின.

1759 ஆம் ஆண்டின் இறுதியில் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டது. இப்பகுதிக் கோட்டைகள் களிமண்ணால் கட்டப்பட்டவை. சுற்றிலும் முள்வேலியும் காடும் சூழ்ந்தவை. கல்மதிலைப் போல் சிதறாமல் பீரங்கிக் குண்டுகளைத் தம்முள் வாங்கிக்கொள்ளும் தன்மை அம்மண்சுவர்களுக்கு இருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் நேரடித் தாக்குதலை முறியடித்ததோடு, வெளியிலிருந்து பூலித்தேவரின் ஆட்கள் முற்றுகையிட்டோரின் பாசறையையும் தாக்கினர். யூசுப் கான் முற்றுகையைக் கைவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பினார். இது அவருடைய தென்னகப் போர்களில் குறிப்பிடத்தக்க தோல்வியாகும்.

1760 ஆம் ஆண்டு இவர் வேறு இரு முனைகளிலும் போரிட வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் இருந்த ஐதர் அலியின் படை வத்தலக்குண்டுப் பகுதியில் நுழைந்தது. அது பின்வாங்கச் செய்யப்பட்டது. தூத்துக்குடியில் வணிக நிலையம் வைத்திருந்த ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து படையைத் தருவித்துத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி வரை முன்னேறினர். யூசுப் கான் படையுடன் அணுகியதும் அவர்கள் தூத்துக்குடிக்குத் திரும்பினர். ஆற்றின் கடைமடைப் பகுதியில் வேறொரு ஐரோப்பிய அரசு கால்பதிப்பது இதனால் தடுக்கப்பட்டது.

1761 ஆம் ஆண்டு யூசுப் கான் மீண்டும் பூலித்தேவரை நோக்கிப் படைநடத்தினார். புதிய பீரங்கிகளுடன் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த முற்றுகைக்குப் பின், மே 16 அன்று நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன. (இப்பனையூர் யூசுப் கான் பிறந்த ஊரன்று.) பூலித்தேவர் இராமநாதபுரம் சீமையிலுள்ள கடலாடிக்குத் தப்பிச் சென்றார்.

கட்டாலங்குளத்தின் அழகுமுத்துக்கோன் எட்டயபுரம் பாளையக்காரருக்குத் துணையாக யூசுப் கானை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்டு, தம் தளபதிகளுடனும் வீரர்களுடனும் பீரங்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது அப்பகுதியில் வழங்கும் வாய்மொழி வரலாறாகும். கட்டாலங்குளத்தில் அவருக்கு நினைவிடம் உள்ளது.

குத்தகை ஆட்சியின் தன்மை

யூசுப் கானின் பதவி சட்டப்படி அரசருடையதன்று, குத்தகைதாரருடையது. குத்தகைதாரர் குறிப்பிட்ட தொகையை ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். படை, கோட்டை, அலுவலர்களுக்கான செலவுகளைச் சீமையின் வருவாயிலிருந்து அவரே ஈடுகட்ட வேண்டும். எஞ்சுவது அவருக்குரியது. குத்தகைக்காலம் குறுகியதாக இருந்தால், அதற்குள் இயன்றவரை கறந்துகொள்ளும் எண்ணம் குத்தகைதாரர்களுக்கு ஏற்படுவது இயல்பு. குளத்தின் கரையைப் பழுதுபார்ப்பதன் பயன் அடுத்த குத்தகைதாரருக்கே செல்லக்கூடும்.

யூசுப் கான் தொடர்ந்து ஆள்வதற்கான எண்ணத்துடன் செயற்பட்டார். இவருடைய காலத்தில் குளங்களும் கால்வாய்களும் பழுதுபார்க்கப்பட்டன. நெசவுத்தொழில் ஊக்குவிக்கப்பட்டது. வழிப்பறி அடக்கப்பட்டதால் வணிகப் போக்குவரத்து பெருகியது. முந்தைய ஆட்சிக் குழப்பத்தில் பறிக்கப்பட்டிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மானியம் மீண்டும் வழங்கப்பட்டது. மதுரைக் கோட்டையும், திருநெல்வேலிக்கு எதிர்க்கரையிலுள்ள பாளையங்கோட்டையும் வலுப்படுத்தப்பட்டன. 1783 ஆம் ஆண்டு இப்பகுதியில் படைநடத்திய கர்னல் புல்லர்டன், யூசுப் கான் காலத்து நிர்வாகத்தின் வலிமையையும் நேர்மையையும் புகழ்ந்து எழுதியுள்ளார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் நினைவு நிலைத்திருந்ததை இது காட்டுகிறது.

இவ்வொழுங்கு படைபலத்தினால் உருவாக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆற்றங்கரைக் குடியானவர்களுக்கு அமைதியைத் தந்த அதே படைதான் மலையடிவாரப் பாளையங்களில் கோட்டைகளை இடித்தது. ஒரே ஆட்சியைப் பற்றி இரு வேறு நினைவுகள் நிலவுவதற்கு இதுவே காரணமாகும்.

நவாபுடன் முரண்பாடு

1761 சனவரி மாதம் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சு அச்சுறுத்தல் நீங்கியதும், யூசுப் கானைப் போன்ற வலிமைமிக்க தளபதியின் தேவை கம்பெனிக்குக் குறைந்தது. தென்சீமை தம் ஆட்சிக்கு உட்பட்டது, யூசுப் கான் தம் பணியாளர் என்று நவாப் முகமது அலி வற்புறுத்தினார். ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய் தந்து குத்தகையைத் தொடர யூசுப் கான் முன்வந்தார்; அது ஏற்கப்படவில்லை.

1762-63 இல் களக்காட்டுப் பகுதி தொடர்பாக யூசுப் கான் திருவிதாங்கூருடன் போரிட்டார். நட்பு அரசு ஒன்றின் மீது அனுமதியின்றிப் போர் தொடுத்ததாக இது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்றாயிற்று. அவர் தொடர்ந்து படையைப் பெருக்கியதும், ஐரோப்பிய வீரர்களைச் சேர்த்ததும் ஐயத்தை வளர்த்தன. சென்னைக்கு நேரில் வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பை அவர் ஏற்கவில்லை. 1763 ஆம் ஆண்டு வெளிப்படையாகப் போர் மூண்டபோது, மர்சான் என்னும் பிரெஞ்சுத் தளபதி தம் வீரர்களுடன் அவரிடம் பணியாற்றினார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றப்பட்டது.

மதுரை முற்றுகையும் இறப்பும்

1763 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நவம்பரில் முற்றுகை கைவிடப்பட்டது. 1764 ஆம் ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. சூன் 26 அன்று நடந்த பெருந்தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். மேஜர் பிரஸ்டன் இத்தாக்குதலில் படுகாயமுற்று இறந்தார். அதன்பின் கோட்டையைத் தாக்குவதைக் கைவிட்டு, உணவு செல்லும் வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் உணவு வண்டிகளைக் காத்துப் புகழ்பெற்றவர், தம் கோட்டைக்குள் உணவு வராத நிலையில் வீழ்ந்தார்.

1764 அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்த நேரத்தில், மர்சான், திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிப் ஆகியோர் உள்ளிட்ட குழுவினரால் யூசுப் கான் பிடிக்கப்பட்டார். கோட்டையும் ஒப்படைக்கப்பட்டது. நவாபிடம் ஒப்படைக்கப்பட்ட இவர், அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கேயுள்ள சம்மட்டிபுரத்தில் நவாபுக்கு எதிரான கலகக்காரர் என்ற முறையில் தூக்கிலிடப்பட்டார். குத்தகையை அளித்தது கம்பெனியாக இருந்தும், தண்டனைக்கான காரணம் நவாபுக்குச் செய்த துரோகமாகக் காட்டப்பட்டது.

இருமுறை தூக்குக் கயிறு அறுந்தது என்றும், உடல் துண்டிக்கப்பட்டுத் தலையும் கை கால்களும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டன என்றும் மரபுச் செய்திகள் உள்ளன. அவற்றின்படி உறுப்புகள் அனுப்பப்பட்ட ஊர்களுள் பாளையங்கோட்டையும் ஒன்றாகும். சம்மட்டிபுரத்தில் உடல் புதைக்கப்பட்ட இடத்தில் 1808 ஆம் ஆண்டு சிறிய பள்ளிவாசல் ஒன்று கட்டப்பட்டது. அது கான்சா பள்ளிவாசல் எனப்படுகிறது.

விளைவுகள்

யூசுப் கானின் மறைவுக்குப் பின் பாளையக்காரர்கள் மீண்டும் தம் கோட்டைகளுக்குத் திரும்பினர். பூலித்தேவரும் நெல்கட்டும்செவலுக்கு வந்தார். 1767 ஆம் ஆண்டு கர்னல் டொனால்டு கேம்பல் வாசுதேவநல்லூரைக் கைப்பற்றும் வரை அவருடைய எதிர்ப்பு நீடித்தது. நவாபின் கடன் பெருகிய நிலையில், 1781 ஆம் ஆண்டு கர்நாடகத்தின் வரி வருவாய் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஆம் ஆண்டு கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது.

இந்த வரிசையில் பார்க்கும்போது, பாளையக்காரர்களின் அதிகாரத்தை ஒடுக்கும் பணியைக் கம்பெனிக்காகப் பெருமளவில் தொடங்கி வைத்தவர் யூசுப் கானே எனலாம். அதே நேரத்தில், கம்பெனி உருவாக்கிய படையைக் கொண்டே கம்பெனியை எதிர்க்க முடியும் என்பதைத் தென்னகத்தில் காட்டியவரும் அவரே.

மதிப்பீடுகள்

யூசுப் கானை மதிப்பிடுவதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

கம்பெனியிடம் கற்ற போர்க்கலையைக் கொண்டு கம்பெனியையே எதிர்த்ததால், இவரை முற்கால விடுதலைப் போராட்ட வீரர்களுள் ஒருவராகக் கருதுவோர் உள்ளனர். பூலித்தேவர், அழகுமுத்துக்கோன் ஆகியோரின் நினைவைப் போற்றுவோர், இவரைக் கம்பெனியின் கையாளாகவே காண்கின்றனர். ஆங்கிலேய எழுத்தாளர்கள் இவரைக் கலகக்காரர் எனக் குறிப்பிட்டபோதும் இவருடைய திறமையை மறுக்கவில்லை. கம்பெனியின் கீழ் பணியாற்றிய இந்திய வீரர்களுள் இவரே மிகச் சிறந்தவர் என்னும் கருத்தை ஜான் மால்கம் தெரிவித்துள்ளார். எஸ். சி. ஹில் 1914 ஆம் ஆண்டு இவரைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இக்கருத்துகள் அனைத்தும் இவருடைய வாழ்வின் வெவ்வேறு காலப்பகுதிகளை அடிப்படையாகக் கொண்டவை. 1761 ஆம் ஆண்டு வரை இவர் கம்பெனியின் நலனுக்காகவே போரிட்டார். 1763 ஆம் ஆண்டில் தம் ஆட்சியைக் காத்துக்கொள்வதற்காகக் கம்பெனியை எதிர்த்தார். அவ்வேளையில் இவருடன் சேர்ந்து போரிடக்கூடிய பூலித்தேவர் போன்றோரை இவரே முன்னர் தோற்கடித்திருந்தார். மதுரைக் கோட்டைக்குள் இவர் தனித்து விடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நாட்டார் வழக்கிலும் கலையிலும்

இவருடைய வரலாற்றைக் கூறும் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் தென்மாவட்டங்களில் வழங்கி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பித்தார். இராபர்ட் கால்டுவெல் 1881 ஆம் ஆண்டு வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் யூசுப் கானின் படையெடுப்புகள் விரிவாக இடம்பெற்றுள்ளன.

மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் ஆகிய இடப்பெயர்கள் இவரை நினைவூட்டுகின்றன. நடிகர் கமல்ஹாசன் இவருடைய வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 'மருதநாயகம்' என்னும் திரைப்படத்தை 1997 ஆம் ஆண்டு தொடங்கினார். சென்னையில் நடந்த அதன் தொடக்க விழாவில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் கலந்துகொண்டார். அப்படத்தின் படப்பிடிப்பு பின்னர் நிறுத்தப்பட்டது.

காலக்கோடு

* சுமார் 1725 - பிறப்பு
* 1752 - ஆங்கிலேயப் படையில் சேர்தல்
* 1754 - சிப்பாய்ப் படைகளின் தளபதியாதல்
* 1755 - ஹெரானுடன் திருநெல்வேலிப் படையெடுப்பு
* 1757 - மதுரைக் கோட்டை கம்பெனியிடம் வருதல்
* 1759 - சென்னை முற்றுகை முடிவு, தென்சீமைக் குத்தகை, வாசுதேவநல்லூரில் தோல்வி
* 1760 - ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒல்லாந்தர் பின்வாங்குதல்
* 1761 - பூலித்தேவரின் கோட்டைகள் வீழ்ச்சி
* 1763 - முதல் மதுரை முற்றுகை
* 1764 - இரண்டாம் முற்றுகை. அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்படுதல்

இவற்றையும் பார்க்கவும்

* பூலித்தேவர்
* அழகுமுத்துக்கோன்
* பாளையக்காரர்
* ஆற்காடு நவாப்
* மதுரை சுல்தானகம்
* தாமிரபரணி ஆறு